அது யாருடைய சைக்கிள்?

போன வருஷம் ஆகஸ்ட் விடுமுறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் சைக்கிள் காணாமல் போனது. ‘எங்கள்’ என்று சும்மா சொல்லவில்லை. ஐந்து பேர் காசு போட்டு வாங்கிய ஒரே சைக்கிள் அது. முறை வைத்து ஓட்டுவோம். அந்த வாரம் முறை எங்களில் ஒருத்திக்கு. அவள் வீட்டு இஸ்தோப்பில், தூணோடு சேர்த்து சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தாள். பெரட்டுக்குக் கிளம்பிய அவளுடைய அம்மாதான் முதலில் பார்த்திருக்கிறார். தூண் இருந்தது. வெட்டின சங்கிலி கீழே கிடந்தது. பூட்டு மட்டும் பூட்டினபடியே இருந்தது.

ஏழு மணிக்குள் முழு லயத்துக்கும் தெரிந்துவிட்டது. வந்தவங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாங்க. “வெளியில வச்சா இருக்குமா?”

சரி, உள்ளே எங்கே வைப்பது? மலையகத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். பழைய லயத்தில் ஒரு காம்பரா என்பது ஏறக்குறைய 10க்கு 12 அடி. அதற்கு முன்னால் ஒடுங்கின இஸ்தோப்பு. பின்னால் இழுத்துக்கட்டின குசினி. அந்த வீட்டில் ஆறு பேர். பாட்டி படுக்கிற இடத்தில் ஒரு மவுண்டன் பைக்கை நிறுத்தினால் பாட்டி எங்கே படுப்பார்? சைக்கிளை எப்படிக் காப்பாற்றுவது என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, ‘வீட்டுக்குள் வையுங்கள்’ என்றுதான். அடுத்தது, ‘தரையில் கொக்கி பதித்து அதில் கட்டுங்கள்’. தரையில் கொக்கி பதிக்க அந்தத் தரை நம்முடையதாக இருக்க வேண்டும். லயத்தில் ஓட்டை விழுந்த தகரத்தை மாற்றுவதற்கே தோட்ட ஒப்பீசுக்கு நாலு தடவை நடக்க வேண்டியிருக்கு.

இந்தக் கட்டுரையை சைக்கிள் போன துக்கத்துக்காக எழுதவில்லை. அது போன பிறகு நாங்கள் செய்த ஒரு காரியத்துக்காக எழுதுகிறோம். அதற்கு முன்னால் அந்த சைக்கிள் எங்களிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

2022இல் பெற்றோல் வரிசை நாடு முழுக்க நீண்டபோது நாங்கள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். பஸ் வராது. ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசு இல்லை. பள்ளிக்கூடத்தையே எரிபொருள் இல்லை என்று மூடினார்கள். கொழும்பில் கோட் போட்டவர்களும் சைக்கிளில் வேலைக்குப் போகிற படங்கள் அப்போதுதான் வந்தன. சைக்கிள் விலை ஏறியது. விலை ஏறின சாமானைத் திருடுகிறவர்களும் கூடினார்கள். எங்கள் பக்கம் மட்டும் சைக்கிள் வரவேயில்லை. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே. நுவரெலியா 1,868 மீற்றர். இடையில் ஏத்தமும் எறக்கமும்தான். கியர் இல்லாத சாதாரண சைக்கிளை இங்கே ஓட்டுவதை விட தள்ளிக்கொண்டு நடப்பதுதான் அதிகம். அதனாலேயே எங்கள் தலைமுறையில் பலருக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, சைக்கிள் ஓட்டத் தெரியாது.

கெம்பஸ் போன முதல் வருஷம் இதற்காக நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டோம். யாழ்ப்பாணத்து பெச்மேட் ஒருத்தி, “உங்களுக்கு சைக்கிள் ஓடத் தெரியாதோ?” என்று கண்ணை விரித்துக் கேட்டாள். அவர்கள் சைக்கிள் ‘ஓடுவார்கள்’. நாங்கள் ‘ஓட்டுவோம்’, தெரிந்தால். அவளுக்கு சைக்கிள் என்பது பள்ளிக்கூடம், டியூஷன், கோயில், கடை எல்லாம். எங்களுக்கு அது படத்தில் வருகிற சாமான். அவள்தான் பின்னேரங்களில் மைதானத்தில் எங்களில் இரண்டு பேருக்குப் பழக்கிவிட்டாள். இருபது வயசில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பழகினோம்.

2023 கடைசியில் கண்டியில் ஒருவரிடமிருந்து பழைய மவுண்டன் பைக் ஒன்றை 38,000 ரூபாவுக்கு வாங்கினோம். 21 கியர், அகலமான டயர், முன்னால் ஷொக் எப்சோபர். மூன்று பேர் கலைப்பீடம். ஒருத்தி பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போக இருந்தவள். ஒருவன் ஹட்டனில் கடையில் வேலை. டியூஷன் சொல்லிக்கொடுத்த காசு, கடைச் சம்பளம், சீட்டுக் காசு எல்லாம் சேர்த்தோம். அம்மாக்கள் கணக்குப் போடுகிற விதம் வேறு. அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. “முப்பத்தெட்டுப் பேரு” என்றார் ஒரு அம்மா. முப்பத்தெட்டு முழுப் பேர். கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுகிற நாளெல்லாம் சேர்க்காமல். அதைக் கேட்ட பிறகு அந்த சைக்கிளைத் தரையில் சாய்த்துப் போட எங்களுக்கு மனசு வரவில்லை.

வாங்கின பிறகுதான் எங்கள் ஊரே எங்களுக்குத் தெரிந்தது. பஸ்ஸில் இருந்து பார்க்கிற தேயிலை வேற. மலைக்குள் போகிற லொறிப் பாதையில், கல்லுமேல் தடதடவென்று இறங்கும்போது பார்க்கிற தேயிலை வேற. தலவாக்கலைப் பக்கம் போய் டெவனையும் சென் கிளயரையும் எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்தோம். அம்மா கொழுந்து எடுக்கிற மலை எவ்வளவு செங்குத்து என்று, அதே மலையில் முதல் கியரில் மூச்சு வாங்கி ஏறினபோதுதான் புரிந்தது.

அப்படி ஏறின ஒரு நாளில்தான் முதல் தடவை நிறுத்தினாங்க.

பக்கத்துத் தோட்டம். பேர் வேண்டாம். எங்களில் இரண்டு பையன்கள் போயிருந்தார்கள். ஃபெக்டரிக்கு மேலே வளைவில் வாச்சர் கையை நீட்டினார்.

“யாரு சைக்கிள் இது?”

“எங்களோடதுண்ணே.”

“உங்களோடதா? எவ்ளோ?”

விலை சொன்னதும் அவர் முகம் மாறிப்போச்சு. எந்தத் தோட்டம், அப்பா பேர் என்ன, தலைவர் யார், எல்லாம் கேட்டார். போனில் யாரிடமோ பேசினார். கால் மணி நேரம் நின்றோம். அந்தக் கால் மணி நேரத்தில் ஹெல்மட் போட்ட வெள்ளைக்காரர் இரண்டு பேர் அதே பாதையில் எங்களைத் தாண்டிப் போனார்கள். வாச்சர் அவர்களுக்குச் சிரித்து, கையை அசைத்து, வழியும் காட்டினார். பிறகு எங்களிடம் திரும்பி, “இனிமே இந்தப் பக்கம் வராதீங்க தம்பி. ஏதும் காணாம போனா என்னையத்தான் கேப்பாங்க” என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. பயந்து சொன்னார். அவருடைய அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான்.

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரைக்கும், 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் போகிற பெக்கோ ட்ரெயில் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய தேயிலைப் பாதைகளை இணைத்து நடப்பதற்காக உருவாக்கியது. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள். வரட்டும். அது நல்ல விஷயம், வழியில் ரொட்டி சுட்டு விற்கிற அக்காமாருக்கும் நல்லது. ஆனால் அந்தப் பாதைகளை வெட்டினவர்களின் பேரப்பிள்ளைகள் நல்ல சைக்கிள் ஒன்றோடு அதில் போனால், ‘யாரு சைக்கிள்?’ என்ற கேள்வி வருகிறது.

இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. தோட்டத்துக்குள் இருக்கிற பாதைகளில் பெரும்பாலானவை ஊர்ப் பாதைகளாக இருக்கவில்லை. காணி அரசாங்கத்துடையது. 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளின் கையில். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் காசு செலவழிக்கவே சட்டத்தில் தடை இருந்தது. 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதாவது, எங்களுக்கு ஓட்டுரிமை இருந்த சபைக்கு, எங்கள் வாசலில் போகிற பாதையில் ஒரு கல் போட முடியாமல் இருந்தது. அந்தப் பாதையில் போவது ‘அனுமதித்தால் போகலாம்’ என்கிற மாதிரித்தான் எங்கள் அப்பாக்களுக்கும் பழக்கம். அதனால் வாச்சர் கேட்டபோது அந்தப் பையன்கள் பதில் சொன்னார்கள். ‘நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்கத் தோன்றவே இல்லை.

இனி, அந்த ஆகஸ்ட் காலைக்குத் திரும்புவோம்.

பொலிசுக்குப் போனோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். முறைப்பாட்டை எழுதினவர் மூன்று கேள்வி கேட்டார். ரசீது இருக்கா? ஃபிரேம் நம்பர் என்ன? வித்தவருடைய விபரம்?

மூன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. ரசீது வாங்கவில்லை. ஃபிரேம் நம்பர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. (இருக்கிறது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால், பெடல் சுற்றுகிற அச்சுக்குக் கீழே, இரும்பில் அடித்திருப்பார்கள். இப்போதே போய்ப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள்.) வித்தவருடைய போன் நம்பர் வேலை செய்யவில்லை.

“அப்போ அது உங்களோட சைக்கிள்தான்னு எப்படிச் சொல்றது?” என்றார் அவர். கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “அது நமக்கு முன்னாலயே எங்கயாச்சும் திருடின சைக்கிளா இருந்தா?” யாரும் பதில் சொல்லவில்லை. சந்தையில் 60,000 சொல்கிற சாமானை 38,000க்குக் கொடுத்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோமே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்து பெச்மேட்டிடம் சொன்னபோது அவள் தன்னுடைய சைக்கிளில் இருக்கிற சின்னத் தகட்டைக் காட்டினாள். பிரதேச சபையில் வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டி எடுக்கிற துவிச்சக்கர வண்டித் தகடு. ஒரு காலத்தில் நாடு முழுக்க இது சாதாரணமாக இருந்தது. ஜப்பானில் இன்றைக்கும் சைக்கிள் வாங்கினால் பதிவு செய்ய வேண்டும், சட்டம். தகடு இருந்தால் திருட மாட்டார்கள் என்று இல்லை. கிடைத்தால் யாருடையது என்று சொல்லலாம். வழியில் நிறுத்திக் கேட்டாலும் காட்டலாம். இரண்டுக்கும் அதே தகடு உதவும் என்பதை நாங்கள் அப்போதுதான் யோசித்தோம்.

இப்போது, சொல்லக் கூச்சமான பகுதி.

சைக்கிள் போன மூன்றாவது நாள், நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து யார் எடுத்திருப்பார்கள் என்று பேசினோம். பேச்சு ஒரே ஆளிடம் போய் நின்றது. மேல் லயத்துப் பையன். பதினேழு வயது. ஓ.எல். எழுதாமல் நின்றுவிட்டு, கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து, சம்பளம் தராததால் திரும்பி வந்தவன். சைக்கிளை இஸ்தோப்பில் பார்க்கும்போதெல்லாம் வந்து தொட்டுப் பார்ப்பான். கியரை மாற்றிப் பார்ப்பான். “அக்கா, ஒரு ரவுண்டு?” என்பான். இரண்டு தடவை கொடுத்தோம். மூன்றாவது தடவை, பாரமாகப் பிரேக் அடிக்கிறான் என்று கொடுக்கவில்லை. இவ்வளவுதான் எங்களிடம் இருந்த ‘சாட்சி’.

நாங்கள் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. அதை விட மோசமாகச் செய்தோம். அவனுடைய வீட்டுப் பக்கம் ‘சும்மா’ போய் வந்தோம். விறகு அடுக்கியிருந்த இடத்தை எட்டிப் பார்த்தோம். கடைக்கார நண்பன், பழைய சாமான் வாங்குகிறவரிடம் அவனுடைய அடையாளத்தைச் சொல்லி, ‘இப்படி ஒருத்தன் வந்தா சொல்லுங்க’ என்று வைத்தான். ஹட்டன் சின்ன டவுன். அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் மலை ஏறி லயத்துக்கு வந்துவிட்டது.

அவனுடைய அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. மலையில் இருந்து நேராக வந்திருந்தார். இடுப்பில் படங்கு கட்டினபடி, கால் எல்லாம் அட்டை கடித்த ரத்தம்.

“நீங்கள்லாம் படிச்ச புள்ளைங்க. எம்புள்ள எடுத்தான்னா வந்து உள்ள பாருங்கம்மா. ஒளிஞ்சு ஒளிஞ்சு என்னாத்துக்குப் பாக்குறீங்க?”

நாங்கள் உள்ளே போகவில்லை. ‘இல்லங்க, அப்படி இல்லங்க’ என்று என்னமோ சொன்னோம். அவன் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் திரும்ப கொழும்புக்குப் போய்விட்டான்.

சைக்கிளை யார் எடுத்தது என்று இன்றைக்கும் தெரியாது. அன்றிரவு ஒரு லொறி மேலே வந்து போனதாக ஒருவர் சொன்னார். அதுவும் ஒரு சந்தேகம்தான். அதை நாங்கள் இனி யார் தலையிலும் வைக்கப் போவதில்லை.

வாச்சர் எங்கள் பையன்களை நிறுத்தினபோது எங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தது? வட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக எழுதினோம். ‘ஏழை என்றால் திருடனா?’ என்று ஸ்டேட்டஸ் போட்டோம். அதே கேள்வியோடு ஒரு அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கெம்பஸ் அடையாள அட்டை கிடைத்த இரண்டு வருஷத்தில் நாங்கள் வாச்சர் நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தோம்.

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் பலர் விட்டோரியோ டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ பார்த்திருப்பீர்கள். 1948இல் வந்த இத்தாலியப் படம். இல்லாவிட்டால் 2007இல் வந்த வெற்றிமாறனின் ‘பொல்லாதவன்’ கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அதில் காணாமல் போவது பல்சர். நாங்கள் இரண்டையும் முன்பே பார்த்திருந்தோம். திருட்டுக் கொடுத்தவனின் பக்கம் நின்றுதான் பார்த்தோம். ரோமில் அந்த அப்பா சைக்கிளைத் தேடி மகனோடு அலைகிறார். வழியில் ஒரு இளைஞனைப் பிடித்து, ‘நீதான்’ என்கிறார். அந்தப் பையனின் தெருவே கூடிவிடுகிறது, அவனுடைய அம்மாவும் வருகிறார். பொலிஸ்காரர் வீட்டுக்குள் தேடியும் ஒன்றும் கிடைப்பதில்லை. கடைசியில் அந்த அப்பாவே ஒரு சைக்கிளைத் திருடப் போய், மகன் பார்க்கப் பிடிபடுகிறார். செப்டெம்பரில் அதைத் திரும்பப் பார்த்தோம். அந்த அம்மா வருகிற காட்சியில் எங்களில் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள்.

இனி பாதுகாப்பு பற்றி. சைக்கிள் போனதும் வீடுகளில் வந்த இரண்டாவது பேச்சு அதுதான். “சைக்கிள வெட்டிக்கிட்டுப் போனவன், புள்ளய ஒண்ணு செய்ய மாட்டானா?” மூன்று பெண்களுக்கும் ஓட்டம் நின்றது. பையன்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

பயம் பொய் என்று சொல்ல மாட்டோம். தேயிலை மலைக்குள் போன் சிக்னல் இல்லாத வளைவுகள் இருக்கின்றன. பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்து, முந்திப் போகாமல், விலகவும் செய்யாமல் ஒருவன் இரண்டு கிலோமீற்றர் வந்த நாள் எங்களில் ஒருத்திக்கு உண்டு. அன்றைக்கு அவளைக் காப்பாற்றினது கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்ற அக்காமார். அவள் அங்கே நிறுத்தினாள். “என்னா புள்ள, தண்ணி வேணுமா?” என்று நாலு பேர் சுற்றி நின்றார்கள். அவன் போய்விட்டான். ஆனால் அதே அக்காமார்தான் மறுநாள், “பொம்பளப் புள்ள, காலத் தூக்கிப் போட்டுக்கிட்டு, ஏன் இதெல்லாம்?” என்று அவளுடைய அம்மாவிடம் சொன்னார்கள். இரண்டுமே அதே கண்கள்தான். அவை இல்லாமல் எங்களால் ஓட்ட முடியாது. அவற்றோடு ஓட்டுவதும் லேசில்லை.

இந்த இடத்தில் புதுக்கோட்டையை நினைத்துக்கொள்கிறோம். எங்கள் பாட்டன் பாட்டிமாரில் பலர் கப்பல் ஏறி வந்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அங்கே அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பழக்கியது. கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலை செய்கிற பெண்கள், அங்கன்வாடி ஆட்கள் என்று ஆயிரக்கணக்கில் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் பேரணி போனார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையும் வாங்கி ஓட்டினார்கள். அங்கேயும் கிண்டல் இருந்தது, கேவலமான பேச்சும் இருந்தது. ஆனால் ஒருத்தி ஓட்டினால் அவள் வேடிக்கை, தெருவில் இருபது பேர் ஓட்டினால் அது வழக்கம். எங்கள் தோட்டத்தில் இன்னும் மூன்று பேர்தான். அதனால் ‘வேடிக்கை’ கட்டத்தில்தான் நிற்கிறோம்.

மற்ற ஆபத்துகளைப் பற்றி வீட்டில் அவ்வளவு பேச்சு வரவில்லை. ஆனால் எங்களை உண்மையில் கொல்லக்கூடியவை அவைதான். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் மாணவர்களை ஏற்றி வந்த பஸ் வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அந்த எறக்கத்தை நாங்கள் சைக்கிளில் இறங்குவதில்லை என்று முடிவு. வேறு எறக்கங்களிலும் பிரேக்கை அமத்தினபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். அமத்தி, விட்டு, அமத்த வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பனி மூடினால் இறங்கித் தள்ள வேண்டும், லைட் இருந்தாலும் சரி. குளவிக் கூடு இருக்கிற மரத்தை மலையில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவர்களுக்குத்தான் தெரியும். குறுக்கு வழிகளில் பன்றிக்குக் கட்டுகிற கம்பி இருக்கலாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படியான கம்பியில் சிக்கி, சில நாளில் செத்துப்போனது. சிறுத்தையின் கழுத்துக்குக் கட்டாத கம்பிதான் அது. சைக்கிள்காரருக்கும் கட்டியதில்லை. அடிபட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. பொலிஸ் 119. பெண்களுக்கான உதவி எண் 1938. மூன்றையும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு துண்டில் எழுதி சீட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கிறோம்.

‘எதன் சீட்டுக்குக் கீழே?’ என்று கேட்பீர்கள். ஆமாம், இன்னொரு சைக்கிள் வாங்கிவிட்டோம். இந்த ஜனவரியில், இன்னும் பழசு, 18 கியர். இந்தத் தடவை விற்றவரின் அடையாள அட்டை நம்பர், கையெழுத்து, ஃபிரேம் நம்பர் எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வாங்கினோம். அவர் கொஞ்சம் முறைத்தார். பரவாயில்லை. வழியில் யாராவது ‘யாரு சைக்கிள்?’ என்று கேட்டால் அந்தக் கொப்பியின் படம் போனில் இருக்கிறது. கேட்கிற உரிமை அவர்களுக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதையும் இப்போது கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறோம், மரியாதையாகத்தான்.

இரவில் அது கோயிலில் தூங்குகிறது. தப்பும் திருவிழாச் சாமான்களும் வைக்கிற அறை. தலைவரிடம் கேட்டபோது, “ஒங்க அஞ்சு பேருக்கு மட்டும்னா முடியாது. லயத்துப் புள்ளைங்களுக்கும் குடுத்தா வைக்கலாம்” என்றார். முதலில் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு யோசித்தோம். சங்கிலி ஒரு நிமிஷத்தில் வெட்டுப்படுகிறது என்று பார்த்துவிட்டோம். சைக்கிள் காணாமல் போனால் தங்களுக்கும் நட்டம் என்று நினைக்கிற முப்பது பேர் இருந்தால், அதை வெட்ட வருகிறவனுக்குக் கஷ்டம். நாங்கள் மூன்றாவது ரவுண்டு கொடுக்காமல் விட்டது எங்கள் சைக்கிளை எந்த விதத்திலும் காப்பாற்றவில்லை. அதனால் சனி, ஞாயிறு காலையில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கொப்பியில் பேர் எழுத வேண்டும், ஹெல்மட் போட வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும். பிரேக் கட்டை சீக்கிரம் தேய்கிறது. தேயட்டும்.

கொப்பியில் இதுவரை 19 பேர் இருக்கு. அதில் 8 பெண் பிள்ளைகள்.

மேல் லயத்து அம்மாவிடம் பொங்கலுக்குப் போனோம், ஐந்து பேரும். மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களை இஸ்தோப்பில் உட்கார வைத்து பிளேன்டீ கொடுத்தார். “சரி, சரி, விடுங்க” என்றார். விட்ட மாதிரி இல்லை. மகனுடைய நம்பரைக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

எடுத்தான். நாங்கள் தயாராக வைத்திருந்த வார்த்தை எல்லாம் குழம்பிப்போச்சு. அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: சைக்கிள் கோயில்ல இருக்கு, சித்திரைக்கு வந்தா நீயும் எடுக்கலாம். தப்பு எங்களோடது.

“பாப்பம்க்கா” என்று சொல்லி வைத்தான்.

சித்திரைக்கு அவன் வரவில்லை. கடையில் லீவு கிடைக்கவில்லை என்று அவனுடைய அம்மா சொன்னார். கொப்பியில் 20ஆவது வரியில் ஒரு பேர் வந்திருக்கு. அவனுடைய தங்கச்சி, ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கு இன்னும் பெலன்ஸ் வரவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது இந்த வாரம் எங்கள் முறை.